பதிமூன்று பக்கமும் ஓர் ஊசியும்

என் பணிக்காலத்தில் நான் முழுதாக ஜெயித்த நாள் என்று ஒன்று உண்டு. அன்று காலை பதினொரு மணி வரை முப்பது பெண்களின் வேலையை ஒரு தவறான கணக்கால் பறித்துக்கொண்டிருந்தேன் என்பதையும் சேர்த்துத்தான் அந்த வெற்றியைச் சொல்ல முடியும்.

விருப்ப ஓய்வு வாங்கி மூன்று மாதம் ஆகிறது. ஐம்பத்திரண்டு வயதில் வீட்டில் உட்காரத் தெரியவில்லை. பால்கனிக்கும் சமையலறைக்கும் நடந்தபடியே இருக்கிறேன்; கால் ஓய்ந்தாலும் மனம் ஓயமாட்டேன் என்கிறது. என் பழைய மேசைகளில் இப்போது உட்கார்ந்திருக்கும் நீங்கள் போன வாரம் குழுவில் ஒரு கேள்வி போட்டிருந்தீர்கள். "மேடம், பாய்சான் ரிக்ரெஷன்ல ஒவ்வொரு க்ரூப்போட மதிப்பையும் எப்படி எடுக்கறது? அவுட்புட்ல ஒரு க்ரூப்பையே காணோமே!" எந்தக் கட்டளையைத் தட்ட வேண்டும் என்பதைக் கணினியே சொல்லிக்கொடுத்துவிடும். காணாமல் போன அந்த ஒருவரைப் பற்றித்தான் நான் சொல்லியாக வேண்டும். அவரை நான் ஒருமுறை ஆள் மாற்றிப் பிடித்தவள்.

பீன்யா தொழிற்பேட்டையில் சட்டை தைக்கும் தொழிற்சாலை ஒன்று. பெயர் வேண்டாம். பட்டன், காலர், பாக்கெட், ஸ்லீவ் என்று நான்கு பிரிவுகள், பிரிவுக்கு ஒரு சூப்பர்வைசர். அங்கே ஊசி உடைந்தால் அதற்கொரு சடங்கு உண்டு. மெஷினை நிறுத்த வேண்டும். உடைந்த துண்டுகள் எல்லாவற்றையும் தேடி எடுக்க வேண்டும். முனை கிடைக்கவில்லையென்றால் நீளக் கம்பியில் கட்டிய காந்தத்தோடு தரையைத் துழாவ வேண்டும், துணியை உதற வேண்டும், சில சமயம் தலைமுடியைக்கூட. துண்டுகளைச் சேர்த்துவைத்து முழு ஊசி ஆனதும், அதை ஒரு நோட்டில் ஒளிபுகும் டேப்பால் ஒட்டிக் கையெழுத்துப் போட வேண்டும். பக்கத்துக்குப் பத்துக் கட்டம், கட்டத்துக்கு ஓர் ஊசி. அதைக் காட்டினால்தான் ஸ்டோரில் புது ஊசி. ஏனென்றால் காணாமல் போன முனை, கடல் தாண்டி, யாரோ ஒரு பிள்ளையின் கழுத்துப்பட்டைக்குள் போய் உட்கார்ந்திருக்கும்.

சட்டைகளை வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனிக்கு ஊசி உடைவது அதிகமாகிறது என்ற கவலை. எந்தப் பிரிவில் அதிகமோ அந்தப் பிரிவை மூடிவிட்டு, அந்த வேலையை வேறு ஊர்த் தையல் கூடத்துக்குக் கொடுங்கள் என்று நிபந்தனை போட்டுவிட்டார்கள். எந்தப் பிரிவு என்று சொல்லத்தான் புள்ளியியல் கணக்குப் போடும் எங்கள் அலுவலகத்தைக் கூப்பிட்டார்கள். பதிலைச் சொல்ல வேண்டியவள் நான்.

வேலை கடினமானதே அல்ல. ஊசி எந்த நொடியில் உடையும் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் ஆயிரம் மெஷின் மணிக்கு எத்தனை உடையும் என்பதில் ஓர் ஒழுங்கு ஒளிந்திருக்கும், தூறலுக்குள் ஒளிந்திருக்கும் தாளம் போல. அந்தத் தாளத்தைக் கேட்கத்தான் பாய்சான் மாதிரி என்ற கணக்கு முறை. நோட்டுகளிலிருந்து ஆறு மாத எண்ணிக்கை, ஒவ்வொரு வாரமும் ஓடிய மெஷின் மணி, அந்த வாரம் வந்த துணி மெல்லியதா தடித்ததா. எல்லாவற்றையும் கொடுத்தேன். கணினி ஒரு தாளைத் துப்பியது.

மேலே ஒரு பொது எண். கீழே மூன்று வரிகள்: பிரிவு ஒன்று, பிரிவு இரண்டு, பிரிவு மூன்று. நான்கு பிரிவுக்கு மூன்றே வரி. எனக்கு இது புதிதா என்ன? ஆங்கில எழுத்து வரிசையில் முதலில் வரும் பிரிவை அடிப்படையாக வைத்துக்கொண்டு, மற்றவை அதைவிட எவ்வளவு கூட, எவ்வளவு குறைவு என்று மட்டும் சொல்வது அந்த மென்பொருளின் பழக்கம். ஆக, பட்டன் அடிப்படை. மூன்று வரிகளும் முறையே காலர், பாக்கெட், ஸ்லீவ். பெயர்களை என் கையாலேயே அறிக்கையில் தட்டினேன். பெரிய எண் இரண்டாவது வரியில் இருந்தது.

பாக்கெட்.

எவ்வளவு சுத்தமான தாள் அது! எழுத்துப் பிழைகூட இல்லை.

வெள்ளிக்கிழமை காலை, தொழிற்சாலையின் மீட்டிங் அறை. மேனேஜர் ரமேஷ், நான்கு சூப்பர்வைசர்கள், நான். சுவரில் என் தாள் வெளிச்சமாக விழுந்திருந்தது. கண்ணாடிக்கு அப்பால் மெஷின்களின் சத்தம், பெரிய மழை மாதிரி.

"சிம்பிள்மா," என்றார் ரமேஷ். "ஆறு மாச டேட்டா. பாக்கெட்லதான் ஜாஸ்தி ஒடையுது. திங்கக்கெழமையிலேர்ந்து பாக்கெட் செக்ஷன் கெடையாது. முப்பது பேருக்கும் லெட்டர் ரெடி. மேடம் கையெழுத்துப் போட்டுட்டாங்கன்னா மேல அனுப்பிடலாம்."

பாக்கெட் பிரிவின் சூப்பர்வைசர் பாக்கியம். நாற்பது வயதிருக்கும். ஈஜிபுராவிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறவர். மடியில் அந்த ஊசி நோட்டை வைத்திருந்தார். எழுந்திருக்கவில்லை, குரலும் உயரவில்லை.

"மேடம், ஒண்ணு கேக்கறேன், கோச்சுக்காதீங்கோ. உங்க கணக்குப்படி எங்க செக்ஷன்ல ஆறு மாசத்துல எத்தினி ஊசி ஒடஞ்சிருக்கணும்?"

"அப்படி நேரா எண்ணிப் பார்த்து ஒப்பிட முடியாதும்மா," என்றேன். "துணி, மணி நேரம் எல்லாத்தையும் கணக்குல எடுத்துச் சரிசெஞ்ச மதிப்பு இது."

இந்தப் பதிலை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். நம் தொழிலின் குடை இது. 'சரிசெய்த மதிப்பு' என்று சொல்லி விரித்துவிட்டால் எந்தக் கேள்வியும் நம்மை நனைக்காது. இருபத்தைந்து வருடத்தில் எத்தனை பெரிய அதிகாரிகள் அந்தச் சொல்லைக் கேட்டதும் தலையாட்டிவிட்டு டீயை எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்!

பாக்கியம் தலையாட்டவில்லை.

"எல்லாத்தையும் சரி பண்ணிட்டீங்க இல்ல? சந்தோசம். அப்ப அதே சரி பண்ண கணக்க வெச்சிக்கினு, எங்களுக்கு வந்த துணிக்கு, நாங்க ஓட்டுன மணிக்கு, எத்தினின்னு சொல்லுங்கோ. நோட்டு என் கையில கீது. எண்ணிப் பாத்துடலாம்."

"பாக்கியம், சும்னே டைம் வேஸ்ட் மாடபேடம்மா," என்றார் ரமேஷ், வீணாக நேரத்தைப் போக்காதே என்று கன்னடத்தில்.

"வேலையே போவுது சார். டைம் எங்களுக்கு நெறைய கீது."

யாரோ சிரித்துவிட்டு அடக்கிக்கொண்டார்கள். நான் மடிக்கணினியைத் திறந்தேன். நியாயமான கேள்வி, மறுக்க வழியில்லை. பொது எண்ணோடு பாக்கெட்டின் எண்ணைக் கூட்டி, கூட்டிய பிறகே மடக்கையை அவிழ்த்து (அவிழ்த்துவிட்டுக் கூட்டினால் வேறெங்கோ போய்ச் சேர்வீர்கள்), வாரத்துக்கு வாரம் மணி நேரத்தையும் துணியையும் சேர்த்துப் பெருக்கி, மொத்தம் போட்டேன். எதிரே பாக்கியம் நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். பக்கத்துக்குப் பத்து என்பதால் விரல் நுனியால் தாள்களை மட்டும் எண்ணினார்.

"பதிமூணு பக்கம். அப்பால ஒண்ணு. நூத்தி முப்பத்தொண்ணு. உங்களுது எத்தினி மேடம்?"

என் திரையில் இருந்தது இருநூற்று ஐம்பத்தாறு.

சொன்னேன். பாக்கியம், முகத்தில் சிரிப்பே இல்லாமல், "மீதி ஊசியெல்லாம் நாங்க முழுங்கிட்டமா?" என்றார்.

ரமேஷ் உடனே முன்னால் சாய்ந்தார். "அதான் மேடம்! நோட்ல ஒட்டாம விட்டிருக்காங்க. மறைச்சிருக்காங்க. இதையும் ரிப்போர்ட்ல சேத்துடுங்க."

பிள்ளைகளே, நான் சொல்ல வந்த இடம் இதுதான். அவர் எனக்கு ஒரு கதவைத் திறந்துவிட்டிருந்தார். அதன் வழியாக நான் தலைநிமிர்ந்து வெளியேறியிருக்கலாம். கணக்கு சரி, மனிதர்கள் பொய். கையெழுத்துப் போட்டிருந்தால் மதியத்துக்குள் அலுவலகம் திரும்பியிருப்பேன். என் பெயருக்கு ஒரு கீறலும் விழுந்திருக்காது.

ஆனால் ஒன்று எனக்குத் தெரியும். அந்த அறையில் எனக்கு மட்டுமே தெரியும். இந்த மாதிரியை நம் வழக்கமான முறையில் பொருத்தினால், ஒவ்வொரு பிரிவுக்கும் அது எதிர்பார்க்கும் மொத்தம், நாம் எண்ணிக் கொடுத்த மொத்தத்துக்குச் சமமாகவே வரும். வந்தே தீரும். துணியைச் சேர்த்தாலும், எந்தப் பிரிவை அடிப்படையாக வைத்தாலும், அது மாறாது. மாதிரிக்கு நான் ஊட்டியது இதே நோட்டின் எண்களைத்தான். நூற்று முப்பத்தொன்றைக் கொடுத்தவளுக்கு இருநூற்று ஐம்பத்தாறு திரும்பி வருகிறதென்றால் பாக்கியம் எதையும் மறைக்கவில்லை. நான்தான் எதையோ மாற்றி வாசித்திருக்கிறேன்.

"நோட்டு சரி சார்," என்றேன். "எனக்குப் பத்து நிமிஷம் கொடுங்க."

"மேடம், மேலருந்து ரெண்டு தடவ போன் வந்துடுச்சு."

"பத்து நிமிஷம்."

நிரலின் முதல் வரியிலிருந்து படித்தேன். மூன்றாவது வரியிலேயே அது உட்கார்ந்திருந்தது, வாசலில் செருப்பைப் போல, தினமும் தாண்டிப் போனாலும் கண்ணில் படாமல். சில மாதங்களுக்கு முன் வேறொரு வேலைக்காக நானே அந்த ஏற்பாட்டை மாற்றியிருந்தேன். ஒரு பிரிவை அடிப்படையாக வைக்காதே. எல்லாப் பிரிவுகளுக்கும் பொதுவான சராசரியோடு ஒவ்வொன்றையும் ஒப்பிடு என்று. கான்ட்ராஸ்ட் என்று நாம் சொல்வது இதைத்தான்: யாரை யாரோடு நிறுத்தி உயரம் பார்ப்பது என்ற ஏற்பாடு. பழைய நிரலை அப்படியே எடுத்து, புது எண்களைக் கொடுத்து ஓட்டிவிட்டேன். அந்த ஏற்பாட்டில் முதல் வரி பட்டன், இரண்டாவது காலர், மூன்றாவது பாக்கெட். காணாமல் போவது முதலாவது அல்ல, கடைசி. ஸ்லீவ். பிரிவுகளின் எண்கள் கூடிப் பூஜ்யம் ஆக வேண்டும் என்பதால், மூன்று வரிகளையும் கூட்டிக் குறியை மாற்றினால் அது கிடைத்துவிடும்.

நான் எல்லாப் பெயர்களையும் ஒரு படி கீழே தள்ளியிருக்கிறேன். காலரின் எண்ணுக்குப் பாக்கெட்டின் பெயரைச் சூட்டியிருக்கிறேன்.

சரியான வரியை எடுத்து மறுபடி மொத்தம் போட்டேன். நூற்று முப்பத்தொன்று. தசமப் புள்ளிக்குப் பிறகு வரிசையாகப் பூஜ்யங்கள். அந்தப் பூஜ்யங்களைப் போல அழகான எதையும் நான் அதற்குமுன் பார்த்ததில்லை. பயத்தால் அடித்துக்கொண்டிருந்த நெஞ்சு அப்படியே ஆனந்தத்துக்குத் தாவியது. நடுவில் நிற்கக்கூட இல்லை.

எழுந்து நின்றேன். "தப்பு என்னோடது. வரிகளுக்குப் பெயரை மாத்திப் போட்டுட்டேன். பாக்கெட்ல ஊசி ஒடையறது சராசரியைவிடக் கம்மி. பாக்கெட்டை மூட எந்தக் காரணமும் இந்தக் கணக்குல இல்ல. இந்த ரிப்போர்ட்டை வாபஸ் வாங்கறேன்."

ரமேஷ் என் பக்கம் திரும்பினார். "இத போன வாரமே பார்த்திருக்கலாமே மேடம்?"

"பார்த்திருக்கணும் சார்."

பாக்கியம் நோட்டை மூடினார். மூச்சை விட்டார். அவ்வளவுதான். அப்போது மேசையின் மறுமுனையிலிருந்து ஒரு குரல் வந்தது. காலர் பிரிவின் சூப்பர்வைசர் ஷமீம். அதுவரை வாயே திறக்காதவர்.

"அரே, அப்ப நாங்களா மேடம்? அந்தப் பெரிய நம்பர் எங்களுதா?"

ஆமாம். சராசரியைப் போல ஒன்றரை மடங்குக்கும் மேல். ரமேஷின் பேனா ஏற்கெனவே பாக்கெட் என்ற சொல்லை அடித்துவிட்டு, அதன் மேல் காலர் என்று எழுத ஆரம்பித்திருந்தது. பாக்கியத்தின் முகத்தில் வந்த ரத்தம் ஷமீமின் முகத்திலிருந்து எடுத்ததுபோல் இருந்தது.

தவறைத் திருத்திக்கொண்டவளுக்கு ஓர் அவசரம் வரும். சரியான பதில் கிடைத்துவிட்டதே என்று அதைக் கொண்டுபோய்ப் பழைய பதிலின் நாற்காலியில் உட்காரவைத்துவிடத் தோன்றும். காலையில் ஒருமுறை வேகமாக இருந்தது போதும் என்று நினைத்தேன்.

"இருங்க சார்," என்றேன். "காலர்ல ஜாஸ்தி ஒடையுதுன்னுதான் இந்த எண் சொல்லுது. ஏன்னு சொல்லல. துணி தடிமன் எனக்குத் தெரியும், அதைச் சேத்துட்டேன். எனக்குத் தெரியாத வேற ஏதாவது காலர்ல மட்டும் இருக்கா?"

கேள்வியை ரமேஷிடம்தான் கேட்டேன். பதில் பாக்கியத்திடமிருந்து வந்தது. ஐந்து நிமிடத்துக்குமுன் தன் தலைக்கு வந்த கத்தி பக்கத்து நாற்காலிக்குத் திரும்பியதை அவர் வெறுமனே பார்த்துக்கொண்டிருக்கவில்லை.

"காலர்ல ஆறு மடிப்பு மேடம். வெறப்பா நிக்க நடுவுல கேன்வாஸ் வேற. மெல்லிசுத் துணி வந்தாலும் மடிப்பு ஆறுதான். எங்க பாக்கெட்ல மூணு தாண்டாது. ஊசி மட்டும் ஸ்டோர்ல எல்லாருக்கும் ஒரே பதினொண்ணாம் நம்பரு."

"பதினாலு நம்பர் தடிச்ச ஊசி வேணும்னு நானு மூணு வாட்டி எழுதிக் குடுத்தேன்," என்றார் ஷமீம். இப்போது குரலில் உயிர் வந்திருந்தது. "முன்ன அதான் இருந்துச்சு. அப்றம் எல்லாத்துக்கும் ஒரே ஊசி, ஸ்டோருக்கு ஈஸின்னு மாத்திட்டாங்கோ."

"யாரு மாத்தினது?" என்று கேட்டேன்.

ரமேஷ் பேனாவை மூடி மேசையில் வைத்தார். "ஓகே. நானே," என்றார். நல்ல மனிதர், ஒத்துக்கொள்ள அவருக்கு என்னைவிடக் குறைந்த நேரமே ஆயிற்று.

மூன்று வாரம் அவகாசம் கேட்டோம். கேட்கும் கடிதத்தை நானே எழுதினேன். முதல் வரியில் என் தவறு, இரண்டாவது வரியில் எங்கள் வேண்டுகோள். அதுவரை எந்தப் பிரிவும் மூடப்படாது என்று மேலேயிருந்து அரைமனதாகப் பதில் வந்தது. காலருக்குப் பதினான்காம் நம்பர் ஊசி. மற்ற மூன்று பிரிவுகளுக்கும் பழைய ஊசியே. யாரும் எதையும் விட்டுவிடக்கூடாது, எல்லா ஊசியும் நோட்டுக்கு வர வேண்டும் என்று ஷமீமிடம் சொன்னேன். "ஒட்டாம விட்டா நீங்கதான் கண்டுபுடிச்சுடுவீங்களே மேடம்," என்றார். கேலிதான். சந்தோஷமாக வாங்கிக்கொண்டேன்.

மூன்று வாரம் கழித்து மாதிரியை மறுபடி ஓட்டியபோது ஒரு காரியம் செய்தேன். அன்றிலிருந்து கடைசி நாள்வரை அதைச் செய்யாமல் எந்தத் தாளையும் வெளியே விட்டதில்லை. கணினி தந்த வரிகளை அப்படியே காட்டுவதை நிறுத்தினேன். நான்கு பிரிவுக்கும் நான்கு வரி, பெயரோடு, ஆயிரம் மணிக்கு இத்தனை ஊசி என்று மனிதருக்குப் புரியும் அலகில். பக்கத்திலேயே இன்னும் இரண்டு கட்டம்: மாதிரி எதிர்பார்த்த மொத்தம், நோட்டில் ஒட்டிய மொத்தம். இரண்டும் ஒன்றாக இல்லாவிட்டால் அந்தத் தாள் என் மேசையைத் தாண்டக்கூடாது. பிறகு உண்மையான கேள்வியைத் தனியாகக் கேட்டேன்: ஊசி மாற்றுவதற்கு முன்னும் பின்னும் காலரில் ஏற்பட்ட மாற்றம், அதே வாரங்களில் மற்ற மூன்று பிரிவுகளில் ஏற்பட்ட மாற்றத்தோடு ஒப்பிட்டால் எவ்வளவு? இதுவும் ஒரு கான்ட்ராஸ்ட்தான். இந்த முறை யாரை யாரோடு நிறுத்துகிறேன் என்பதை நானே தீர்மானித்தேன், தாளில் எழுதியும் வைத்தேன்.

காலர் இறங்கியிருந்தது. மற்ற மூன்றும் நின்ற இடத்திலேயே நின்றன. காலர் மட்டும் படிகளில் ஓடிவந்து அவற்றின் பக்கத்தில் நின்றுகொண்டது. மூன்று வாரம் என்பது சிறிய அவகாசம், கொஞ்சம் முன்பின் இருக்கலாம் என்பதையும் எழுதினேன். முன்பின்னை எவ்வளவு தாராளமாக வைத்துக்கொண்டாலும் இறக்கம் இறக்கமாகவே இருந்தது.

வாங்கும் கம்பெனியிலிருந்து பதில் ஒரு புதன்கிழமை பகலில் வந்தது. எந்தப் பிரிவையும் மூட வேண்டாம். ரமேஷ் அதை அறையில் வாசித்துக் காட்டினார். இதைத் தையல் தளத்தில் எல்லோர் முன்னாலும் சொல்லுங்கள் என்றேன். முப்பது பேருக்கும் கடிதம் தயாராக இருந்தது என்ற செய்தி எப்படியோ வெளியே கசிந்து, மூன்று வாரமாக அந்தப் பெண்கள் ஒவ்வொரு சாயங்காலமும் நாளைக்கு வேலை இருக்குமா என்று தெரியாமல் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

மெஷின்களை நிறுத்தச் சொன்னார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட மெஷின்கள் ஒரே நேரத்தில் அடங்கினால் காதுக்குள் ஒரு பள்ளம் விழும். ரமேஷ் மைக்கைப் பிடித்துக் கன்னடத்தில் ஆரம்பித்தார், தமிழுக்கு வந்தார், ஆங்கிலத்தில் சிக்கிக்கொண்டார். 'கன்டினியூ', 'ரிவ்யூ', 'மேனேஜ்மென்ட்' என்று வார்த்தைகள் உருண்டன. பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். வேலை இருக்கிறதா இல்லையா என்று யாருக்கும் விளங்கவில்லை.

பாக்கியத்துக்குப் பொறுமை போய்விட்டது. இரண்டு கையையும் வாயருகே குவித்துக் கத்தினார்.

"ஏய் பாக்கெட்டு! வேல கீதுடி! எல்லாருக்கும் கீது! காலருக்கும் கீது! ஒக்காருங்க!"

முதலில் ஒரு மெஷின் உறுமியது. யாரோ ஒருத்தி, துணியே வைக்காமல், பெடலை முழுசாக மிதித்துவிட்டாள். பக்கத்தில் இருந்தவள் மிதித்தாள். அடுத்த வரிசை மிதித்தது. காலர் பக்கத்திலிருந்து ஷமீமின் ஆட்கள் பதில் கொடுத்தார்கள். பட்டனும் ஸ்லீவும் எதற்கென்று கேட்காமலேயே சேர்ந்துகொண்டன. கூரைத் தகடு அதிர்ந்தது. என் விலா எலும்புக்குள் வந்து அடித்தது அந்தச் சத்தம். நான் சிரித்துக்கொண்டிருந்தேனா அழுதுகொண்டிருந்தேனா என்று இன்றுவரை தெரியாது.

ரமேஷ் மைக்கில் அலறினார். "துணி வெக்காம ஓட்டாதீங்கம்மா! ஊசி ஒடையும்! ஊசி ஒடையும்!"

யாரும் நிறுத்தவில்லை. ஓர் ஊசியும் உடையவில்லை.